அளவுக் கம்பத்தைப் பீடத்திலிருந்து இறக்கியவருக்கு

ஏரிக்கு எல்லை வகுத்த எழிலே! மழைக்கு மறுமொழி உரைத்த மாண்பே! கரைக்குக் காவலாய், கண்ணுக்கு இமையாய், கடைநிலை ஊழியர் தவறினாலும் தலைமைப் பொறியாளர் தவறினாலும் காதுக்கு ஒரே அளவு இடியாய் விளங்கிய கண்காணிப்புப் பொறியாளர் அம்மா அவர்களே! தொலைபேசியை எடுத்தால் வணக்கம் சொல்லி நேரத்தை வீணாக்காத தூய்மையே! வாழ்க!

இந்த வாழ்த்து வரிசை இன்னும் அரைப்பக்கம் நீள்வதாக இருந்தது. "பொங்கிய புனலைப் பூவெனத் தாங்கிய பொன்மகளே" என்று ஒரு வரிகூட இருந்தது. அதைக் கேட்டால் "பொங்கிச்சு சரி, எதைத் தொட்டுச்சு?" என்று குறுக்கே கேட்பீர்கள் என்பதால் அடித்துவிட்டோம். எஞ்சியவற்றைப் பொறுத்தருள வேண்டும். இந்த மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் செய்பவர் ஆளுயரத்துக்குச் செய்து முடித்துவிட்டார். உள்ளே வெற்றிடம் தெரியக்கூடாது.

அம்மா! ஏரிக்கரையின் கோடியில், இரண்டு சன்னலும் ஒன்றரை மின்விசிறியும், ஆணியில் தொங்கும் உங்கள் மழைக்கோட்டும், ஒரு கால் குட்டையான நாற்காலியும் கொண்ட நம் கண்காணிப்பு அறையில் முப்பதாண்டுக்கு மேல் பணியாற்றி இன்று ஓய்வு பெறுகிறீர்கள். அந்த நொண்டி நாற்காலியில் அமர்ந்தால் தூக்கம் வராது என்று கண்டுபிடித்ததும் நீங்கள்தான்; அதை எங்களுக்கு ஒதுக்கியதும் நீங்கள்தான்.

பொறுமையின் சிகரம் என்று எழுத வேண்டிய இடம் இது. எழுத எங்கள் கை கூசுகிறது. நீங்கள் பொறுமைக்கும் ஏரிக்கும் நடுவே கரை கட்டிக்கொண்டவர். இன்சொல்லின் இருப்பிடம் என்று எழுதினால் மழைமானிப் பிரிவினர் கையெழுத்துப் போட மறுக்கிறார்கள். ஆனால் ஒன்றை எல்லாரும் ஒருமனதாக ஒப்புக்கொள்கிறோம்: நீங்கள் அறையில் இருந்த நாட்களில் நாங்கள் வீட்டில் நிம்மதியாகத் தூங்கினோம்.

இனி, சற்று நேரம் நீங்கள் இங்கே இல்லை என்று வைத்துக்கொண்டு, அவையோருக்கு ஒன்றைச் சொல்லப் போகிறோம். இல்லாமல் இருப்பது உங்களுக்குப் பழக்கமில்லாத வேலை. முயன்று பாருங்கள்.

அவையோரே! இந்த அம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. எங்கள் துறை தசமப் புள்ளிகளால் ஆனது. கம்பத்தில் அளவு, திரையில் அளவு, அறிக்கையில் அளவு. இவரோ காலையில் வந்ததும் மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் ஏரிக்கரைத் தெருவுக்குத் தொலைபேசி போடுவார். சலவைக்கடை அண்ணன், தையற்கடைத் தங்கை என்று தண்ணீருக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களிடம் கேட்பது ஒரே கேள்வி: "தண்ணி இப்ப எதைத் தொட்டுக்கிட்டு இருக்கு?" எந்தக் கல் நனைந்தால் கம்பத்தில் எந்தக் கோடு என்பது அவருக்கு மனப்பாடம். கம்பத்தைக் கல்லோடும் கல்லைக் கம்பத்தோடும் தினமும் ஒப்பிட்டுப் பார்ப்பார். இதனால் அவருக்கு வந்த பட்டப்பெயர் 'நனைஞ்சுதா அம்மா'. அவருடைய வீட்டுக்காரர் இதோ முன்வரிசையில் இருக்கிறார், இதைச் சொல்லி ஓயாதவர். "கல்யாண நாள் அன்னிக்கு பூ வாங்கிட்டுப் போனேங்க. கதவைத் திறந்ததும் 'வெளியே என்ன நனைஞ்சிருக்கு?'ன்னா. 'நான்தாம்மா'ன்னேன். துண்டு குடுத்துட்டு போனை எடுக்கப் போயிட்டா."

முன்பு ஓர் ஆண்டு, வெள்ளத் தடுப்பு வாரம் கொண்டாடும்படி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. கொண்டாட்டம் என்றால் வெள்ளையடிப்பு. கரை, கைப்பிடி, மதகு எல்லாம் வண்ணம் பூசப்பட்டன. கடைசியாக விழாக் குழுவின் கண் அளவுக் கம்பத்தின் மேல் விழுந்தது. ஏரிக்குள் பல்குச்சிபோல் நிற்கிறதே, சிறப்பு விருந்தினர் என்ன நினைப்பார்? கம்பத்தைப் பிடுங்கி, மஞ்சளும் கறுப்புமாய் மெருகேற்றி, ஒரு முழ உயரத்துக்குச் சிமெண்டுப் பீடம் கட்டி, அதன்மேல் நட்டார்கள். கோடை என்பதால் அடியில் தண்ணீர் இல்லை. வேலை சுலபமாக முடிந்தது. பிறகு திரையில் காட்டும் கருவியையும் புதுக் கம்பத்தோடு சரிபார்த்து, இரண்டும் ஒத்துப்போவதாகச் சான்றும் எழுதினார்கள். பொய்யும் சாட்சியும் ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? கம்பம் ஒரு முழம் உயர்ந்தது; ஆகவே ஏரி ஒரு முழம் தாழ்ந்ததாகக் காட்டியது. அம்மா அப்போது மகளின் பேறுகாலத்துக்காக விடுப்பில் இருந்தார். அவர் திரும்பி வந்தபோது மழை தொடங்கி, பீடம் தண்ணீருக்குள் மறைந்துவிட்டது. முதல் ஒருவாரம் தெருவில் தொலைபேசி இணைப்பும் இல்லை.

விழா நாள் வந்தது. மேடை போட்ட இடத்தைக் கேளுங்கள். உபரிநீர்க் கால்வாய்! ஏரி நிரம்பினால் மதகு வழியே தண்ணீர் ஓட வேண்டிய பள்ளம். சமதளம், காற்றோட்டம், வாடகை இல்லை என்று வெள்ளத் தடுப்பு விழாவுக்கு வெள்ளம் வரும் வழியையே தேர்ந்தெடுத்திருந்தார்கள். மேடையில் ஒலிவாங்கியைத் தட்டித் தட்டிச் சோதித்துக்கொண்டிருந்தவர் அன்றைய வட்டப் பொறியாளர், அம்மாவின் மேலதிகாரி. பேச்சுக்குப் பேச்சு மூன்று தசமம் சொல்வதால் 'தசமப்புள்ளி' என்று எங்களால் அன்போடு அழைக்கப்பட்டவர்.

மேற்கே மலையில் விடாத மழை. திரையில் அளவு எச்சரிக்கைக் கோட்டுக்குக் கீழே, சாதுவாக இருந்தது. அன்றைக்குத்தான் தெருவின் இணைப்புச் சரியாகியிருந்தது. அம்மா சலவைக்கடை அண்ணனைக் கூப்பிட்டார்.

"அண்ணே, தண்ணி எதைத் தொட்டிருக்கு?"

"தொடுறதா? துவைக்கிற கல்லையே காணோம்மா! டீ குடிக்கப் போறப்ப இருந்துச்சு, வந்து பாத்தா இல்ல. அதைப் போய் யாரு தூக்கிட்டுப் போவான்?"

"இப்ப எங்க நின்னு பேசறீங்க?"

"வாசப்படியில. கீழ்ப்படியிலன்னு சொல்லத்தான் ஆசை, அதையும் காணோம்."

அடுத்து தையற்கடைத் தங்கை. "அக்கா, மெஷின் பெடல் நனைஞ்சா போன் பண்ணச் சொன்னீங்கல்ல? இன்னும் நனையல. ஆனா பூனை அலமாரி மேல ஏறிடுச்சு. அது என்னைவிடப் படிச்சது."

அம்மா தொலைபேசியை வைத்தார். துவைகல் மூழ்கினால் கம்பத்தில் தண்ணீர் எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும். கம்பம் இல்லை என்கிறது. கல்லுக்கு நகரத் தெரியாது. அப்படியானால் நகர்ந்தது எது? சன்னல் வழியே பார்த்தார். ஏரி நடுவில் கம்பம் புதுமாப்பிள்ளைபோல் மினுங்கிக்கொண்டு நின்றது. பழைய கம்பத்தின் தலை எதிர்க்கரை மதிற்சுவருக்கு மட்டமாகத் தெரியும். இது சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தது.

"இதைத் தூக்கி எதும்மேலய்யா வெச்சீங்க?" என்று அறையே அதிரக் கேட்டார். யாரோ பீடம் என்றார்கள். அம்மாவின் முகம் வெளுத்ததை அன்றுதான் பார்த்தோம். தெருவில் எழுபது வீடு, ஒரு பள்ளிக்கூடம். மதகைத் திறந்து, கணிப்புத் தவறினால் அவர் வேலை போகும். திறக்காமல், கணிப்புச் சரியானால் தெரு போகும். நினைத்துப் பார்க்க எடுத்துக்கொண்டது தொலைபேசியின் எண்களைச் சுழற்றும் நேரம்தான்.

"சார், மதகைத் திறக்கணும்" என்றார், மேடையிலிருந்த தசமப்புள்ளியிடம்.

"திரையைப் பாத்தீங்களாம்மா? கோட்டுக்குக் கீழ பூச்சியம் புள்ளி நாலு ஒண்ணு..."

"கம்பம் பொய் சொல்லுது சார். பீடத்துல ஏத்தி வெச்சுட்டோம்ல, அதான்."

"அம்மா, நான் நிக்கிறதே கால்வாய்ல. மேடை, பந்தல், நாற்காலி எல்லாம் போட்டாச்சு. விருந்தினர் பாதி வழியில வந்துட்டார். விழா முடியட்டுமே!"

"விழா முடியறதுக்குள்ள தெரு முடிஞ்சிடும் சார்."

"தப்பாப் போனா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன். மைக்கு உங்க கையிலதானே இருக்கு? எல்லாரையும் கரையேறச் சொல்லுங்க. அந்த மைக்கால ஆகப்போற முதல் நல்ல காரியம் அதுதான்."

அடுத்து ஒலிபெருக்கியில் தசமப்புள்ளியின் குரல் ஏரி முழுக்கக் கேட்டது: "நிர்வாகக் காரணங்களால் அனைவரும் உடனடியாகக் கரைமேல் ஏறிக்கொள்ளுமாறு... ஓடுங்கய்யா, ஓடுங்க!" அவர் ஒலிவாங்கியில் தசமம் இல்லாமல் பேசிய முதல் வாக்கியம் அது. மிகச் சிறந்த வாக்கியமும் அதுதான்.

அம்மா மழைக்கோட்டோடு மதகுக்கு ஓடினார். மதகுக்காரர் சக்கரத்தின் முன் கைகட்டி நின்றார்.

"எழுத்துல குடுங்கம்மா. எனக்கும் குடும்பம் இருக்கு."

"காகிதம் இல்ல. கையை நீட்டுய்யா!"

நீட்டினார். விரித்த உள்ளங்கையில் அம்மா பேனாவால் எழுதினார்: மதகைத் திற. நானே பொறுப்பு. கீழே கையொப்பமும் இட்டார். கால்வாயில் கடைசி ஆளும் கரையேறியதைக் கண்ணால் பார்த்துவிட்டு, "இப்ப சுத்து" என்றார். மதகுக்காரர் சக்கரத்தைப் பற்றிய முதல் சுற்றிலேயே எழுத்து அழிந்துபோனது. உத்தரவு அழியவில்லை.

அடடா, அந்தக் காட்சி! கதவு ஏறியது, புனல் பாய்ந்தது. மேடை எழுந்தது, ஒருமுறை ஆடியது, பிறகு சகல மரியாதைகளோடும் புறப்பட்டது. முன்னே 'வெள்ளத்தை வெல்வோம்' பதாகை. பின்னே சிறப்பு விருந்தினருக்குப் போட்ட சிம்மாசன நாற்காலி. அதன் பின்னே பிளாஸ்டிக் நாற்காலிகள் பதவி வரிசைப்படி. எங்கள் துறை ஊர்வலங்களிலேயே நேரத்துக்குக் கிளம்பியது அது ஒன்றுதான்.

ஏரிக்கரைத் தெருவில் தண்ணீர் வாசற்படி வரை வந்தது, நிலைப்படியை ஒருமுறை நக்கிப் பார்த்தது, நின்றது. பெடல் நனையவில்லை. பள்ளிக்கூடக் கரும்பலகையில் எழுதியிருந்த வாய்ப்பாடு அழியவில்லை. பிற்பகலில் அறைத் தொலைபேசி அடித்தது. அன்று முதல்முறையாக, கேட்கப்படாமலே தகவல் வந்தது.

"அம்மா, கல்லு வந்துடுச்சும்மா! மொட்டைத் தலை மாதிரி மேல தெரியுது!"

அம்மா "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டு, நொண்டி நாற்காலியில் உட்கார்ந்தார். அது ஆடவில்லை என்று சொல்வோர் உண்டு. நாங்கள் மிகைப்படுத்த விரும்பவில்லை.

மிதந்துபோன நாற்காலிகளுக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. "நாற்காலிகள் நலம். கால்வாயைத் தாண்டி அடுத்த ஊரில் அமர்ந்திருக்கின்றன. தெருவினரும் நலம், அவரவர் வீட்டிலேயே அமர்ந்திருக்கிறார்கள்" என்று அம்மா பதில் எழுதினார். அதன்கீழ், "கண்ணால் கண்டேன், சரி" என்று ஒப்பமிட்டு, அந்த விவகாரத்தை முடித்து வைத்தவர் தசமப்புள்ளி. மறுகோடையில் பீடத்தை இடித்தபோது முதல் கடப்பாரையைப் போட்டவரும் அவர்தான். பீடத்தில் ஏற்றிய எதுவும் தன்னைச் சுற்றியுள்ளதைக் குறைத்தே காட்டும் என்பதை எங்கள் துறை அன்று கற்றது. கற்றதை அடிக்கடி மறந்தாலும், கற்றது கற்றதுதான்.

அம்மா! இனி நீங்கள் திரும்பி வரலாம், இல்லாதிருந்தது போதும்.

உங்களையும் பீடத்தில் ஏற்றும் எண்ணம் எங்களுக்கு இல்லை. ஏற்றினால் அளவு தப்பும். தரையில், தண்ணீர் ஓரத்தில், எங்கள் நடுவில் நின்றவராகவே உங்களை நினைவில் வைப்போம். இன்று முதல் அறைக்கு வருகிற எவரும், மழைக்கோட்டைக் கழற்றும் முன் ஏரிக்கரைத் தெருவைக் கூப்பிட்டுக் கேட்பது எழுதப்பட்ட விதி ஆகிறது. ஆணை பிறப்பித்திருப்பவர் இப்போதைய தலைமைப் பொறியாளர், முன்னாள் தசமப்புள்ளி.

நீங்கள் கரை உடையாத உடல்நலமும், வற்றாத வாயும், வீட்டுக்காரர் கொண்டுவரும் பூவை நின்று வாங்கிக்கொள்ளும் நேரமும் பெற்று, பேரப்பிள்ளை "பாட்டி, என்ன நனைஞ்சிருக்கு?" என்று உங்களைத் திருப்பிக் கேட்கும் காலம் கடந்தும் வாழ்க, வாழ்க!

இறுதியாக, உங்கள் வழக்கப்படி இன்றைய நிலவரம். சலவைக்கடை அண்ணன் சொன்னது: கல் காய்ந்திருக்கிறது. தையற்கடைத் தங்கை சொன்னது: பூனை தரையில் தூங்குகிறது. இந்த அரங்கில் நனைந்திருப்பது ஒன்றே ஒன்று: முன்வரிசையில் தலைமைப் பொறியாளரின் கைக்குட்டை. கோட்டைத் தாண்டிவிட்டது அம்மா. மூன்று தசமம்வரை சரிபார்த்துவிட்டோம்.

இங்ஙனம்,
உங்களிடம் திட்டு வாங்கித் தேறிய,
கண்காணிப்பு அறை, மழைமானி, வாகனம், தேநீர் ஆகிய எல்லாப் பிரிவின் ஊழியர்கள்

மதகுக்காரர் மட்டும் பெயர் எழுத மறுத்து, மையைத் தொட்டுத் தம் உள்ளங்கையை இங்கே பதித்திருக்கிறார். நடுவில் சற்று இடம் விட்டிருக்கிறார். இன்னொரு முறை நீங்கள் கையொப்பம் இட வேண்டுமாம்.