அவன் பூட்டு, என் சாவி

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, ஐயா. ஒரு துண்டு அட்டையை மடித்து வைத்தால் ஆடாது. பழக்க தோஷம், எதைப் பார்த்தாலும் கை பரபரக்கிறது.

அட்டைப்பெட்டி ஆலையில் பத்தொன்பது வருடம் மெக்கானிக்காக இருந்தேன். மிஷின் மக்கர் செய்தால், எங்கே கோளாறு என்று காதை வைத்தே சொல்லிவிடுவேன். அந்தப் பாவத்துக்குத்தான் எட்டு மாதத்துக்கு முன்னால் என்னை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். மூன்று நாள் பயிற்சியும் உண்டு. ஆட்களை எப்படி நடத்த வேண்டும் என்று ஓர் அம்மாள் சொல்லிக் கொடுத்தார். தலையைத் தலையை ஆட்டிவிட்டு வந்தேன், மண்டையில் ஒன்றும் ஏறவில்லை.

எனக்குக் கீழே ஆறு பேர். அதில் ஒருவன் என் மனைவியின் தம்பி. நான்தான் சேர்த்துவிட்டேன். கெட்டிக்காரன், வாய்தான் நீளம். நான் எது சொன்னாலும், "சட்டை அழுக்காயிடும் மாமா, தள்ளி நில்லுங்க" என்பான். மற்ற ஐந்து பேரும் சிரிப்பார்கள். எனக்குத் திட்ட வராது. வீட்டில் அவன் அக்கா முகத்தில் வேறு விழிக்க வேண்டுமே.

எங்கள் ஆலையில் ஒரு முறை உண்டு. மிஷினுக்குள் இறங்குகிறவன் மெயின் சுவிட்சை அணைத்து, தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொள்வான். மாற்றுச் சாவி சூப்பர்வைசர் மேசையில் இருக்கும். பூட்டியவன் வெளியே வந்து நிற்பதைக் கண்ணால் பார்க்காமல் அதைத் தொடக் கூடாது.

அன்று காலை பெரிய மிஷினில், உருளைகளுக்கு நடுவே கரகரவென்று சத்தம். அவன் உள்ளே இறங்கினான். மேலாளர் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் போனில் என்னைப் பிடித்துக்கொண்டார். இன்னும் நேரமாகும் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. மூன்று தடவை போய் இவனிடம் கேட்டேன். மூன்றாவது தடவை உள்ளேயிருந்தபடியே சொன்னான்.

"உங்களுக்கு இதெல்லாம் மறந்துபோச்சு மாமா. போய் ஃபேன் காத்துல உக்காருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

அவன் வெளியே வந்துவிட்டதாக நினைத்தேன் என்று முதலில் எழுதிக் கொடுத்தேன். அது சரியில்லை. கழற்றி வைத்த அவன் கைக்கடிகாரம் மிஷின் மேலேயே இருந்தது. உள்ளே சீட்டியடித்துக்கொண்டிருந்தான், அதுவும் கேட்டது. மேலே இருப்பவரிடமும் பேசத் தெரியவில்லை, கீழே இருப்பவனிடமும் பேசத் தெரியவில்லை. சுவிட்ச் போடத் தெரியும். பூட்டைத் திறந்தேன், போட்டேன்.

தெரிந்தேதான் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். "உங்கள நம்பித்தானே அனுப்பினேன்" என்று அவன் அக்கா கேட்டாள். 

ஒன்று மட்டும் உறுத்துகிறது, ஐயா. மிஷின் ஓடியபோது அந்தக் கரகரப்பு இல்லை. சுத்தமாகச் சரிசெய்திருந்தான். ஒருவன் நன்றாக வேலை செய்தால் அப்போதே வாய்விட்டுப் பாராட்ட வேண்டும் என்று அந்த அம்மாள் படித்துப் படித்துச் சொன்னார். அந்த ஒன்றில்தான் நான் தவறிவிட்டேன்.