அந்தப் பக்கத்துப் பை

— இந்த ஊசியில மட்டும் நூலைக் கோத்துக் குடுத்துடுங்க தம்பி, அப்புறம் பேசலாம். ஒத்தக் கண்ணை வெச்சுக்கிட்டு ஊசிக் காதைத் தேடுறதுக்குள்ள பொழுதே சாஞ்சிடுது. இங்கதான் இருக்குன்னு நூலை நீட்டினா, அது அங்க இருக்கு.

— குடுங்கக்கா.

— பாருங்க, ஒரே தடவையில கோத்துட்டீங்க! நகத்துக்குள்ள எல்லாம் கிரீஸ், நூல்ல ஒரு கறை இல்ல. பழைய வண்டி உடைக்கிற கடையில வேலையா?

— மெக்கானிக்கா இருக்கேன்.

— அதான், பாத்ததுமே நெனச்சேன். உக்காருங்க. அந்த ஸ்கூல் யூனிஃபார்ம் மூட்டையைத் தள்ளிட்டு உக்காருங்க. போன்ல சொன்னது நெசந்தானா? என் வண்டி உங்ககிட்டதான் இருக்கா? சிவப்பு வண்டி, பின்கதவுல கடைப் பேரை எழுதி அழிச்ச தடம் இருக்கும்.

— அதேதான். வெயில்ல நிறுத்துனா அந்த எழுத்து இன்னும் தெரியுது.

— அப்பாடா! வயித்துல பாலை வார்த்தீங்க. வித்துக் குடுத்த புரோக்கர் போனையே எடுக்கல. எத்தனை பேருக்கு வாட்ஸப்புல அனுப்பியிருப்பேன்! வித்த வண்டியைத் தேடுற ஒரே பைத்தியம் நீதாண்டின்னு எங்க வீட்டுக்காரர் சிரிக்கிறார்.

— எதுக்குக்கா தேடுறீங்க?

— கேஸுக்குத்தான். பாருங்க, நான் ஒண்ணும் பறந்துக்கிட்டு வரல. கீழ பார்க்கிங்ல வண்டியைத் திருப்புறேன், தூண்ல லேசா இடிச்சிட்டேன். நடந்து போற வேகம். பம்பர்ல ஒரு கீறல், அவ்வளவுதான். ஆனா ஏர்பேக் வெடிச்சிடுச்சு. பை விரிஞ்சு ஆளைக் காப்பாத்தணும், அதானே அதுக்கு வேலை? பையை ஊதி விடுறதுக்கு உள்ள ஒரு இரும்பு டப்பா இருக்காமே. அந்த டப்பாவே பொளந்து, ஒரு துண்டு தெறிச்சு கண்ணுக்குள்ள பூந்துடுச்சு. அப்ப வலிக்கக்கூட இல்ல தம்பி. மடியில என்னவோ சூடா ஒழுகுதேன்னு குனிஞ்சு பாக்குறேன், ரத்தம்.

— கம்பெனிக்காரங்க என்ன சொல்றாங்க?

— அவனுங்க வாயில புழு புழுக்க! நான் தையக்காரியாம், சீட்டுல கத்திரிக்கோல் வெச்சிருந்தேனாம், அதுதான் எகிறிக் குத்திடுச்சாம். எங்க பை மேல தப்புன்னா வண்டியைக் கொண்டாந்து காட்டும்மாங்கிறான். கண்ணுல இருந்து எடுத்த துண்டை ஆஸ்பத்திரியில குப்பையில போட்டுட்டாங்க. வண்டியையும் வித்தாச்சு. எங்க வக்கீல் தலையில அடிச்சுக்கிறார். சாட்சியையே வித்துட்டு வந்து நிக்கிறியேம்மான்னு.

— உங்க டப்பா உள்ளேயேதான் இருக்கு.

— என்ன சொல்றீங்க?

— ஸ்டியரிங்கைக் கழட்டிப் பாத்தேன். புரோக்கர் புதுசு எதையும் மாட்டல. வெடிச்ச டப்பாவை அப்படியே விட்டுட்டு, மேல ஒரு மூடியை ஒட்டி வெச்சிருக்கான். வாய் கிழிஞ்ச மாதிரி பொளந்து கிடக்கு. எந்தத் துண்டு பறந்து போச்சுன்னு குழந்தைகூடச் சொல்லிடும்.

— தம்பி, நீங்க நல்லா இருக்கணும்! கத்திரிக்கோலாம்ல கத்திரிக்கோல்! இனிமே பேசச் சொல்லுங்க பாப்போம். டீ போடவா?

— வேண்டாங்க. புரோக்கர்கிட்ட விக்கும்போது, பை வெடிச்சு கண்ணு போன வண்டின்னு சொன்னீங்களா?

— அவனுக்குத் தெரியாம இருக்குமா? சீட்டெல்லாம் ரத்தம். கழுவிக் குடுத்ததே அவன்தானே. வாங்குறவங்க காதுல மட்டும் போடாதேன்னேன். சொன்னா எவன் வாங்குவான்?

— அந்தப் பக்கத்து சீட்டுக்கு முன்னாடியும் ஒரு பை இருந்துச்சே அக்கா.

— இருந்துச்சு. அது வெடிக்கல, நல்லாத்தான் இருந்துச்சு.

— அதைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலையா?

— சர்வீஸ் சென்டர்ல ஒருத்தன் சொன்னான். ரெண்டு பக்கமும் ஒரே கோளாறுப் பைதான், ரெண்டையும் மாத்தணும், ஓசியிலயே மாத்தித் தருவோம், சாமான் வர நாளாகும், அதுவரைக்கும் யாரையும் முன்னாடி உக்கார வைக்காதீங்கன்னான். யாரு காத்திருக்கிறது? ஜன்னலைத் தொறந்தா அந்தச் சனியன்தான் கண்ணு முன்னாடி நிக்குது. பாத்தாலே குலை நடுங்கும். எங்கேயோ போய்த் தொலையட்டும்னு தள்ளி விட்டேன். ஏன், போலீஸ்காரர் மாதிரிக் கேக்குறீங்க?

— எனக்கும் ஒரு வக்கீலம்மா இருக்காங்க. அவங்க சொல்லித்தான் இதெல்லாம் தெரியும். இந்த மாதிரி அடிபட்டவங்க மூணு பேர் மேல கேஸ் போடலாமாம். பையைச் செஞ்சவன் ஒருத்தன். அவன் திவாலாகி, கடையைக் கட்டிட்டான். அவன்கிட்ட தேறாது. அடுத்தது, அந்தப் பையை மாட்டி வித்த கார் கம்பெனி.

— அவனைத்தான் நான் பிடிச்சிருக்கேன்.

— அவன் இழுத்தடிப்பான். அப்பீலுக்கு மேல அப்பீல் போவான். மூணாவது, கோளாறுன்னு தெரிஞ்சும் மறைச்சு வித்தவங்க. அதுதான் சுலபமான வழின்னாங்க.

— தம்பி… உங்களுக்கு எதுக்கு வக்கீல்?

— அந்தப் பக்கத்துப் பையும் வெடிச்சிடுச்சுக்கா.

— எது, என் வண்டியிலயா?

— ஆமா. நாய் குறுக்க வந்துச்சு, பிரேக் போட்டும் நிக்கல, விளக்குக் கம்பத்துல போய் முட்டிடுச்சு. அதுவும் நடந்து போற வேகம்தான்.

— அடிச்சுதுய்யா யோகம்! பாருங்க, ஒரே வண்டியில ரெண்டு பை, ரெண்டும் வெடிச்சிருக்கு! ஒண்ணுன்னா கத்திரிக்கோல்னு கதை விடலாம், ரெண்டுக்கு என்ன சொல்லுவான்? இனி அந்தக் கம்பெனிக்காரன் தப்பவே முடியாது! இருங்க, வக்கீலுக்கு போன் போடுறேன். எங்க வெச்சேன் போனை? அந்த டேப்புக்குப் பக்கத்துல இருக்கா பாருங்க. ஏன் தம்பி அப்படிப் பாக்குறீங்க?

— அந்த சீட்டுல யார் உக்காந்திருந்தாங்கன்னு நீங்க கேக்கவே இல்ல.

— ஐயோ, சந்தோஷத்துல… இல்ல, பதட்டத்துல வாய் தவறிப் போச்சு. யாரு?

— என் பொண்டாட்டி.

— ஐயய்யோ. அப்ப நீங்க வண்டி உடைக்கிறவர் இல்லையா?

— நான் லிஃப்ட் மெக்கானிக். வண்டியை வாங்குனவன். விலை பேசும்போது புரோக்கரோட கீழயே நின்னுக்கிட்டிருந்தேன், அதனால உங்களுக்கு என்னைத் தெரியாது. அவளைத் தெரியும். தாகமா இருக்குன்னு தண்ணி கேட்டு மேல வந்தா. இந்த நாற்காலியிலதான் உக்காந்தாளாம்.

— மஞ்சச் சுடிதார் போட்டிருந்த பொண்ணு. கை ஓரம் பிரிஞ்சிருக்குன்னு ரெண்டு தையல் போட்டுக் குடுத்தேன்.

— அவதான். உங்க கண்ணுல கட்டுப் போட்டிருந்ததைப் பாத்துட்டு, என்னக்கா ஆச்சுன்னு கேட்டாளா?

— கேட்டா.

— நீங்க என்ன சொன்னீங்க?

— விடுங்க தம்பி, இப்ப எதுக்கு அது…

— சொல்லுங்கக்கா.

— மெஷின்ல ஊசி ஒடிஞ்சு தெறிச்சிடுச்சுன்னு சொன்னேன்.

— நம்பிட்டா. வீடு போய்ச் சேர்ற வரைக்கும் தையல் மெஷினைத்தான் திட்டிக்கிட்டு வந்தா. பாவம்ங்க அந்த அக்கா, நம்ம வீட்டுத் துணியெல்லாம் இனிமே அவங்ககிட்டயே குடுக்கலாம்னா. அந்த சீட்டுல உக்காந்துக்கிட்டுத்தான் சொன்னா.

— உசுரோட இருக்காளா? அதைச் சொல்லுங்க மொதல்ல.

— இருக்கா. தொண்டையில ஓட்டை. அது வழியாத்தான் மூச்சு. குரல் போயிடுச்சு. பஸ் ஸ்டாண்டு மைக்குல எந்த வண்டி எப்பக் கிளம்புதுன்னு சொல்லும்ல, அந்தக் குரல் அவளோடதுதான்.

— நேத்துக்கூடக் கேட்டேனே!

— அது பழைய பதிவு. இன்னும் ஓடவிட்டுக்கிட்டு இருக்காங்க. வேலை முடிஞ்சதும் நான் அங்க போய் உக்காந்துக்குவேன். எந்த ஊருக்கும் போக மாட்டேன். சும்மா உக்காந்திருந்துட்டு வீட்டுக்கு வருவேன். வீட்டுல அவ ஸ்பூனால தட்டைத் தட்டித்தான் என்னைக் கூப்பிடுவா.

— தம்பி, நான் வேணும்னு பண்ணல. எனக்கே ஒரு கண்ணு போயிருந்துச்சு. அந்த நேரத்துல புத்தியும் போயிடுச்சுன்னு வெச்சுக்குங்க. என் மேல கேஸ் போடப் போறீங்களா?

— போட்டா ஜெயிக்கலாம்னு வக்கீலம்மா சொன்னாங்க. நான்தான் வேண்டாம்னுட்டேன். உங்களை வித்தா என்ன தேறும், இந்த மெஷினும் ரெண்டு மூட்டைத் துணியும். அவளும் எழுதிக் காட்டுனா. பாவம், அவங்களுக்கும் அடிபட்டிருக்குல்ல, தெரியாம வித்திருப்பாங்கன்னு.

— தங்கமான பொண்ணு. அப்ப ரெண்டு பேரும் சேர்ந்தே கம்பெனியை ஒரு கை பாக்கலாம் தம்பி! நீங்க ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

— வக்கீலம்மாவும் அதைத்தான் சொல்றாங்க. ரெண்டு டப்பாவும் சேர்ந்து கோர்ட்டுக்குப் போனா, உங்களுக்கு மட்டும் இல்ல, இந்தப் பையால கண்ணு போனவங்க, கை போனவங்க எல்லாருக்கும் ஞாயம் கிடைக்குமாம்.

— அப்புறம் என்ன?

— கம்பெனி ஆளு தினம் வீட்டுக்கு வர்றான். வண்டியைக் குடுத்துடு, கையெழுத்துப் போட்டுக் குடு, இதைப் பத்தி வெளியில வாயைத் தொறக்காதே, உன் பொண்டாட்டிக்கு கடைசி வரைக்கும் வைத்தியம் எங்க பொறுப்புங்கிறான். வண்டி அவன் கைக்குப் போனா அன்னைக்கே ரெண்டு டப்பாவையும் உருக்கிடுவான்.

— குடுத்துடாதீங்க! என் கேஸே அதுலதான் நிக்குது. அதுல மண்ணு விழுந்துச்சுன்னா நான் நடுத்தெருவுலதான். யோசிச்சுப் பாருங்க.

— ஒரு வாரமா யோசிச்சேன். முடிவெடுக்குறதுக்கு முன்னாடி உங்களை ஒரு தடவை நேர்ல பாத்துடலாம்னுதான் வந்தேன்.

— தம்பி, கால்ல வேணாலும் விழறேன். ஒண்ணே ஒண்ணு, அந்த ஊசி ஒடிஞ்ச கதையை மட்டும் கோர்ட்டுல சொல்லிடாதீங்க. பாத்தியா, அவ வாயாலயே ஊசின்னு சொல்லியிருக்கான்னு அவனுங்க அதையே பிடிச்சுக்குவானுங்க. உங்க பொண்டாட்டிக்கும் சொல்லி வைங்க. அவளாலதான் பேச முடியாதே, எழுதிக்கிழுதி வெச்சிடப் போறா. ஏன் தம்பி எந்திரிச்சிட்டீங்க?

— படியேறி வரும்போது வண்டியை உங்களுக்கே குடுத்துடலாம்னுதான் இருந்தேன்க்கா.

— இப்ப என்ன? யாருக்கு போன் போடுறீங்க? வக்கீலம்மாவுக்கா?

— ஹலோ, சார்? ஆமா, நான்தான். கையெழுத்துப் போட்டுடறேன், வண்டியை வந்து எடுத்துக்கிட்டுப் போங்க.