வாங்க, வராதீங்க

பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காதீங்கன்னு நம்ம மகளிர் குழுக் கூட்டத்துக்கு வந்த மேடம் இப்ப சொன்னாங்க. எல்லாரும் தலையை ஆட்டினோம். சரி... வீட்டுக்கு வந்த சொந்தக்காரங்க வைஃபை பாஸ்வேர்டு கேட்டா என்ன சொல்லுவீங்க? யாராவது சொல்லுங்களேன்... நான் எட்டாவது வரைக்கும் படிச்சவ, விளக்கம் சொல்லத் தெரியாது. என் வீட்டுல நடந்த சின்னக் கதை ஒண்ணு இருக்கு, அதைச் சொல்றேன்.

எங்க வீட்டுக்காரரை உங்களுக்குத் தெரியும். தீப்பெட்டி ஆபீஸ்ல மெஷின் பாத்த சுடலைமுத்து. ஞாயித்துக்கிழமை ஆனா கறி எடுக்கப் பையைத் தூக்கிட்டுப் போவாரு. வரும்போது பழைய இரும்புக் கடையில வாங்கின இன்டர்நெட் டப்பாவும் அதே பையில இருக்கும். "ஏட்டி, இதுக்கு இன்னும் உசிரு இருக்கு"ம்பாரு. "எதுக்கு, கறிக்கா?"ம்பேன்.

அப்படித் தட்டிக்கொட்டி வீட்டுக்கு ரெண்டு வைஃபை வச்சாரு. ஒண்ணுக்குப் பேரு 'வாங்க'. இன்னொண்ணுக்குப் பேரு 'வராதீங்க'. வந்தவங்களுக்கெல்லாம் 'வாங்க'. அதுல நெட்டு மட்டும் வரும், எங்களோடது எதுவும் அவங்க போனுக்குத் தெரியாது. 'வராதீங்க' எங்க ரெண்டு பேருக்கு மட்டும். ஒரு பழைய கம்ப்யூட்டர் அதுலதான் ஓடும். அந்தக் கம்ப்யூட்டர்ல என்ன இருந்துச்சு? அவரு குரல் இருந்துச்சு. செஞ்சது மறந்துருமாம், அதனால வாராவாரம் பேசிப் பதிஞ்சு வைப்பாரு. "இன்னைக்குச் சிவப்பு ஒயரை மாத்தினேன். டப்பா சூடாகுது. பூரணம் குழம்பைத் தீய விட்டுட்டா." பின்னாடி நான் ஏசுறது கேக்கும்... எட்டு வருஷம். அப்படி எட்டு வருஷம்.

போன ஆவணியில அவரு போயிட்டாரு.

வீடு நிறையச் சனம். ஆளாளுக்கு வைஃபை கேட்டாங்க. நானும் 'வாங்க' பாஸ்வேர்டைச் சொன்னேன். அவரோட அண்ணன் போனைப் பாத்தாரு, முகம் மாறிருச்சு.

"ஏம்மா பூரணம், சாவு வீட்ல யாரையும் வாங்கன்னு கூப்பிடுவோமா? போறவன் போயிட்டு வாரேன்னுகூடச் சொல்லாம போறான். நீ எல்லார் போன்லயும் வாங்க வாங்கன்னு போட்டு வச்சிருக்க. இன்னொரு சாவையா கூப்பிடுற?"

"அத்தான், அது உங்க தம்பி வச்ச பேரு."

"அதை அணைச்சிரு. கீழ வராதீங்கன்னு ஒண்ணு தெரியுதே, அதைக் கொடு. அதுதான் இப்ப இந்த வீட்டுக்குப் பொருத்தம்."

எனக்கும் சரின்னு பட்டுச்சு. நீங்களா இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க? ஊர்ல இருந்து வந்திருந்த மககிட்டச் சொல்லி 'வாங்க'வை அணைச்சு, 'வராதீங்க' பாஸ்வேர்டைக் கொடுத்தேன். பதினாறு நாளும் வந்தவங்க அத்தனை பேரும் 'வராதீங்க'ல வந்தாங்க.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு எல்லாரும் கிளம்பினதும் வீடு வெறிச்சுன்னு ஆயிருச்சு. அவரு பேச்சைக் கேக்கலாம்னு உக்காந்தேன். அமுக்குறேன், திறக்கல. அடுத்தது... திறக்கல. எட்டு வருஷமும் திறக்கல. இங்கிலீஷ்ல ஒரு கடுதாசி மட்டும் திறந்துச்சு. துணைக்குத் தங்கியிருந்த மக படிச்சிட்டு, "எல்லாத்தையும் பூட்டிட்டோம்னு போட்டிருக்கும்மா"ன்னா.

கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கிற ஜெனிட்டா வந்து ரெண்டு நாள் பாத்தா. "யாரோ ஒருத்தர் லேப்டாப்ல வைரஸ் ஒட்டிக்கிட்டு வந்து, 'வராதீங்க' வழியா இதுக்குள்ள பூந்திருச்சுக்கா. கொண்டு வந்தவங்களுக்கே தெரிஞ்சிருக்காது. வேற எங்கயாவது ஒரு காப்பி இருக்கா?"

"இல்லம்மா."

"அப்பக் கிடைக்காதுக்கா."

கொண்டு வந்தது யாருன்னு நான் தேடல. அழ வந்தவங்கதானே... அத்தான்கிட்டயும் சொல்லல. நீங்களும் சொல்லிராதீங்க, அவரு தாங்க மாட்டாரு.

இப்ப உங்களைக் கேக்குறேன். வந்தவங்களுக்குத் தனி வழி வச்சாரே, அவரு சொந்தம் பிடிக்காத மனுஷனா? மனசார வாங்கன்னு சொல்லணும்னுதான் அந்த வழியை வச்சாரு. நான் பேரைப் பாத்தேன், அது பாக்குற வேலையைப் பாக்கல. நீங்க இன்னைக்கே வீட்டுக்குப் போய் வைஃபையை ரெண்டாப் பிரிங்க. தெரியலன்னா ஜெனிட்டாவைக் கூப்பிடுங்க. போனா திரும்பக் கிடைக்காதுன்னு நினைக்கிறது எதுவோ, அதை இன்னொரு காப்பி எடுத்து வேற இடத்துல வைங்க. யாராவது கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும். அடுத்த பொங்கலுக்குள்ள பேசிருவாங்க.

நான் இப்ப அடுப்படியில நின்னு அவரு மாதிரியே பேசிப் பாக்குறேன்... என் குரல்தான் வருது.