ஆறுக்குப் பதில் மூன்று

உங்கள் ஸ்டேஷன் காபி நன்றாக இருக்கிறது. எங்கள் உருக்காலையில் காலையில் போட்டதையே சாயங்காலம் வரை சூடுபண்ணிக் குடிப்போம். அதனால் வெளியே எது கொடுத்தாலும் எனக்குத் தேவாமிர்தம்தான்.

முதலில் டிரான்ஸ்பார்மரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது புரியாமல் டோர்கிரிம் எப்படிச் செத்தார் என்பது புரியாது. உலைக்கு மின்சாரம் தருவது அது. அதன் மூன்று சுருள்களையும் முக்கோணமாகக் கோத்திருக்கும், டெல்டா என்போம். பிரேக்கர் என்கிற பெரிய ஸ்விட்சைத் திறந்து மின்சாரத்தை நிறுத்தும்போது சில சமயம் மின்னழுத்தம் எகிறும். எகிறியதை வாங்கி மண்ணில் இறக்கத்தான் அரெஸ்டர். கம்பிக்கு ஒன்றாக மூன்று வைத்தால் ஒவ்வொரு கம்பிக்கும் மண்ணுக்கும் நடுவே காவல் உண்டு. ஆனால் டெல்டாவில் சுருள் கிடப்பது கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில். ஒன்று மேலே எகிறி இன்னொன்று கீழே பாய்ந்தால் சுருளின் மேல் விழுவது இரண்டு மடங்கு. அதற்காகக் கம்பிகளுக்கிடையே இன்னும் மூன்று. ஆக ஆறு. அது என் ஏற்பாடு.

டோர்கிரிம் மின்பிரிவுத் தலைவர். நாங்கள் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவருக்கு மேலே போகத் தெரிந்திருந்தது. துறைமுகத்துத் துணை மின்நிலையத்துக்கு அரெஸ்டர் பற்றாமல் போனபோது என்னுடையவற்றில் மூன்றைக் கழற்றச் சொன்னார். கூடாது என்றேன். சாப்பாட்டு அறையில் எல்லோரும் ரொட்டிமேல் பழுப்புச் சீஸைச் சீவி வைத்துக்கொண்டிருந்தபோது என் பக்கம் கையைக் காட்டிப் பதில் சொன்னார்.

"நம்ம எய்லர்ட் வீட்டுல குளிக்கறதுக்கே லைஃப் ஜாக்கெட் போட்டுக்குவான்ப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவமானமாக இருந்தது, அதை மறைப்பானேன். மறுநாள் மூன்றையும் கழற்றிவிட்டார்கள். மிச்சமிருந்த மூன்றும் பளபளவென்று நின்றன. பார்க்கிறவர்களுக்கு எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் தோன்றும்.

கோடைப் பராமரிப்பு முடிந்து மின்சாரம் ஏற்றும் நாள் வந்தது. பிரேக்கர் என் பொறுப்பு. டோர்கிரிமுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏற்றும்போது வேலிக்குள் யாரும் நிற்கக்கூடாது என்பது விதி. அவரோ உள்ளே போய், ஒரு மரக்கம்பை டிரான்ஸ்பார்மரின் எண்ணெய்த் தொட்டிமேல் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்து இரைச்சலைக் கேட்பார். தலைவரை யார் தடுப்பது? அன்றைக்கும் உள்ளே போனார். கட்டுப்பாட்டு அறை ஜன்னல் வழியே பார்த்தேன்.

ஒருமுறை ஏற்றிவிட்டு அப்படியே விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஏற்றிய உடனே, மின்னோட்டம் அடங்குமுன் திறந்தால்தான் எகிறல் பெரிதாக வரும். அப்படித் திறந்தேன். தாங்கியது. மறுபடி ஏற்றினேன், திறந்தேன். அப்போதும் தாங்கியது. ஃபோன் அடித்தது.

"என்னப்பா பண்ற? காத வைக்கறதுக்குள்ள அணைச்சிடற?"

"பிரேக்கர் சரியாப் பிடிக்கல. இன்னொரு தடவை பாக்கறேன். நீ அங்கயே நில்லு."

நின்றார். என்னை அவ்வளவு நம்பினார். இன்னும் எத்தனை தடவை செய்தேன் என்று நினைவில்லை. கடைசியில் சுருள் பிளந்தது, தொட்டி வெடித்தது, கொதிக்கும் எண்ணெய் தீயோடு அவர்மேல் கொட்டியது.

அவர்மேல் எனக்குப் பகை இல்லை. இதை நீங்கள் தவறாமல் எழுதிக்கொள்ள வேண்டும். என் கணக்கு சரி என்று அவர் வாயால் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் மனைவி ராக்ன்ஃப்ரிட் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்களாவது வந்தீங்களே" என்று தன் நாற்காலியை எனக்கு விட்டுவிட்டு வெளியே போனாள். கட்டுகளுக்கு நடுவே கண்கள் மட்டும் தெரிந்தன. குனிந்து மெதுவாகக் கேட்டேன்:

"இப்பவாவது ஒத்துக்கறியா, ஆறு வேணும்னு?"

என்னையே வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்களை மூடிக்கொண்டார், திறக்கவே இல்லை. ஆமாம் என்றுதான் சொன்னார்.