தொடர்புகளுக்கு: மகள் கஜந்தினி

– தேத்தண்ணியும் வேண்டாம், கதிரையும் வேண்டாம் றெமிஜியஸ் அண்ணை. முதல் அந்த நோட்டீசை இணையத்திலையிருந்து எடுங்கோ.

– பிள்ளை, மூச்சை விட்டிட்டுக் கதையுங்கோ. ஆற்றை நோட்டீஸ்? காலமையிலையிருந்து மூண்டு மரண அறிவித்தல் போட்டிருக்கிறன்.

– குகதாசன். சனிக்கிழமை மோசம் போனவர். நான் அவற்றை மகள்.

– கஜந்தினியோ? மாதாவே! உங்களை நான் ஒரு நாளும் கண்டதே இல்லையே. அப்பா கிழமைக்கு ரெண்டு தரம் இஞ்சை வருவார், பேப்பர் பாக்க. சும்மா சொல்லக்கூடாது, தங்கமான மனுசன். என்ன, படம் சரியில்லையோ? அந்தக் கோட்டுப் போட்ட படத்தை நான்தான் தெரிஞ்செடுத்தனான். பின்னாலை நிண்ட பிரிட்ஜை அழிச்சுப்போட்டு மேகம் வைச்சு விட்டனான்.

– படம் நல்லாத்தான் கிடக்கு. என்ரை பேரை எடுங்கோ.

– என்ன?

– என்ரை பேர். பக்கத்திலை நான் இருக்கிற ஊர், பொபினி எண்டு போட்டிருக்கிறியள், அது. கீழை என்ரை ரெலிபோன் நம்பர். என்ரை மகளின்ரை பேர். நாலையும் எடுங்கோ, இப்பவே.

– அது ஏலாது பிள்ளை.

– ஏன் ஏலாது? ஒரு பொத்தானை அமத்திற வேலைதானே?

– பொத்தானை அமத்தலாம், பிறகு சனத்துக்கு ஆர் மறுமொழி சொல்லுறது? பெத்த மகளின்ரை பேர் இல்லாமல் ஒரு நோட்டீசோ? போன மாசி ஒரு குடும்பத்துக்கு ரெண்டாவது மருமகன்ரை பேர் விடுபட்டுப் போச்சு. என்ரை கைப்பிழைதான். அந்த மனுசன் இந்த வாசல்லை நிண்டு கத்தின கத்துக்கு இந்த ரூ காய் தெரு முழுக்க எட்டிப் பாத்தது. பேர் இல்லாத செத்தவீட்டுக்கு நான் ஏன் போறன் எண்டு போகவும் இல்லை. பதினெட்டு வரியமா இந்த வேலை செய்யிறன். பிறந்த ஊர், இருக்கிற இடம், பிள்ளையள், பேரப்பிள்ளையள், தொடர்புக்கு நம்பர். அதுதான் முறை, விளங்குதோ?

– உங்களுக்கு இதெல்லாம் ஆர் எழுதித் தந்தது?

– உங்கடை தம்பி உதயன்தான். ஒண்டும் விடாமல் எழுதித் தந்தவர்.

– அவன் விடமாட்டான். எத்தினை மணிக்குப் போட்டனீங்கள்?

– பதினொண்டரைக்கு. இப்ப நாலு பத்து. நாலாயிரம் பேர் பாத்திட்டினம் பிள்ளை! கனடா, லண்டன், நோர்வே... எங்கடை வாட்ஸ்அப் குழுக்களுக்கும் நானே அனுப்பி விட்டனான். அப்பாவுக்கு நல்ல பேர்.

– ஐயோ அண்ணை.

– ஏன் பிள்ளை? இதிலை மறைக்க என்ன கிடக்கு? சனம் துக்கம் விசாரிக்கத்தானே நம்பர்?

– பன்ரண்டு மணியிலையிருந்து விசாரிச்சுக்கொண்டுதான் இருக்கினம். மூண்டு தரம் நம்பர் விழாத அழைப்பு. எடுத்தால் கதையில்லை, மூச்சு மட்டும் கேக்குது. போனை நிப்பாட்டி வைச்சிட்டன். சேந்தன் எண்டு ஒராளை உங்களுக்குத் தெரியுமோ?

– மருமகன்தானே? அந்தப் பேரைப் போட வேண்டாம் எண்டு உதயன் சொன்னவர். பிரிஞ்சிட்டியள் எண்டு விளங்கிச்சுது. நான் மேலை கேக்கேல்லை.

– பிரியேல்லை அண்ணை, ஓடினனான். நாலு வரியத்துக்கு முதல், துலூசிலையிருந்து, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு. இந்தக் கையைப் பாருங்கோ. இதுக்கு மேலை நீளாது. அவர் முறிச்ச கை.

– யேசுவே.

– கிட்ட வரப்படாது எண்டு நீதிபதி அவருக்கு எழுதிக் குடுத்தவ. அந்தப் பேப்பர் என்ரை பையிலைதான் கிடக்கு. அது இருந்தும் அவர் வந்தவர். முதல் லியோனிலை இருந்தம். தமிழ்ப் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியிலை லக்சிகாவுக்கு மூண்டாம் இடம். ஆரோ பாசத்திலை படம் எடுத்து, பேரும் பள்ளிக்கூடமும் எழுதி, பேஸ்புக்கிலை போட்டு விட்டிட்டினம். பத்து நாள். பதினோராம் நாள் பள்ளிக்கூட வாசல்லை நிக்கிறார், கையிலை ஒரு பொம்மை வைச்சுக்கொண்டு. 'வா செல்லம், அப்பா வந்திருக்கிறன்' எண்டு.

– பிள்ளை அவரோடை போட்டுதோ?

– ஆசிரியை விடேல்லை. அண்டைக்குத் தப்பினம். பிறகு ரென்னுக்குப் போனம். அங்கை வீட்டுக்காரி பிறந்தநாளுக்குக் கேக் வெட்டேக்கை நான் பின்னாலை தட்டுக் கழுவிக்கொண்டு நிண்டனான். அவ பேஸ்புக்கிலை போட்ட படத்திலை என்ரை பாதி முகம். அது காணும் அவருக்கு. மற்ற மாதம் கதவைத் தட்டினவர். இனிமேல் என்னைக் கண்டால் கொல்லுவன், பிள்ளையைக் கொண்டு போவன் எண்டு பொலிசுக்கு முன்னாலை சொன்னவர்.

– அதுக்குப் பிறகோ பொபினி?

– ஓம். ரெண்டு வரியம். எனக்குப் பேஸ்புக் இல்லை. தபால் பெட்டியிலை வேறை பேர். சிநேகிதியளோடை படம் எடுக்க லக்சிகாவை விடமாட்டன், அவள் அழுவாள். அப்பாவைப் பாக்கக்கூட நான் இஞ்சாலை வரமாட்டன். அவர்தான் ஆஸ்பத்திரிக்குப் போறன் எண்டு எல்லாருக்கும் சொல்லிப்போட்டு மெற்றோ ஏறி எங்களிட்டை வருவார். இவ்வளவும் ஒளிச்சு வைச்சதை நீங்கள் பதினொண்டரைக்கு நாலாயிரம் பேருக்குச் சொல்லிப்போட்டியள்.

– எனக்குத் தெரியாது பிள்ளை, சத்தியமாத் தெரியாது. இந்தா... இந்தா, முழு நோட்டீசையும் எடுத்திட்டன். பாருங்கோ, பக்கத்திலை ஒண்டும் இல்லை.

– மற்ற இணையத்தளங்களிலை?

– கோதாரி, அவையள் எங்களிட்டைப் பாத்துப் போடுறவை. ரெண்டு பேர் ஏற்கனவே போட்டிட்டினம். நான் சொன்னால் மாத்துவினம். ஆனால் வாட்ஸ்அப்பிலை போனது... அதைத் திருப்பி வாங்கேலாது பிள்ளை.

– லக்சிகா ஆறு மணி மட்டும் பள்ளிக்கூடத்திலை நிப்பாள். என்னைத் தவிர ஆரிட்டையும் விட வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டுத்தான் வந்தனான். உங்கடை போனைத் தாங்கோ. உதயனுக்கு எடுக்கோணும். சத்தத்தைத் திறந்து விடுங்கோ, நீங்களும் கேளுங்கோ.

– அலோ, றெமிஜியஸ் அண்ணையோ?

– நான்தான்ரா, அக்கா.

– அக்கா! எங்கை நிக்கிறாய்? ஏன் உன்ரை போன் வேலை செய்யேல்லை?

– லா சப்பெலிலை, றெமிஜியஸ் அண்ணையின்ரை கடையிலை. உதயன், ஏன்ரா என்ரை நம்பரைப் போட்டனி?

– நோட்டீசிலையோ? பின்னை, மகளின்ரை நம்பர் போடாமல் ஆற்றை நம்பரைப் போடுறது?

– பொபினி எண்டும் போட்டிருக்கிறாய்.

– வீட்டு விலாசத்தையோ போட்டனான்? பொபினியிலை எவ்வளவு சனம் இருக்குது அக்கா!

– அதிலை எத்தினை பிள்ளைக்கு லக்சிகா எண்டு பேர்? எத்தினை பள்ளிக்கூடம் கிடக்கு? ஒரு விளையாட்டுப் போட்டிப் படத்தை வைச்சு வந்த மனுசனடா அவர். நீ பேர், ஊர், நம்பர், பிள்ளையின்ரை பேர் எல்லாத்தையும் ஒரே தட்டிலை வைச்சுக் குடுத்திருக்கிறாய். உனக்கென்ன விசரோ?

– அப்பா கேட்டவர் அக்கா.

– என்ன கேட்டவர்?

– வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரியிலை. 'என்ரை நோட்டீசிலை அவளின்ரை பேரைப் போடு. நாலு வரியமா ஆர் கேட்டாலும் எனக்கு மகள் இல்லாத மாதிரிக் கதைச்சிட்டன். செத்த பிறகாவது எனக்கு ஒரு மகள் இருக்கிறாள் எண்டு சனத்துக்குத் தெரியட்டும்' எண்டவர். என்ரை கையை விடேல்லை அவர். நான் என்ன செய்யிறது, சொல்லு?

– ஐயோ அப்பா...

– அக்கா, அழாதை. பர்தோன் அக்கா, என்ரை பிழைதான். நான் யோசிக்கேல்லை. நீ வியாழக்கிழமை செத்தவீட்டுக்கு வா. நான் உனக்குப் பக்கத்திலையே நிப்பன்.

– எப்பிடி வாறது? மண்டபத்தையும் நேரத்தையும் எல்லாருக்கும் சொல்லிப்போட்டாய். அவர் முதலே வந்து முன் கதிரையிலை இருப்பார். நான்தான் மூத்த மருமகன் எண்டுவார். எங்கடை சனம் எழும்பி நிண்டு அவருக்கு இடம் குடுக்கும்.

– நான் உள்ளுக்கு விடமாட்டன்!

– அப்பாவின்ரை பெட்டிக்கு முன்னாலை அடிபடப் போறியோ? வை. நான் பிறகு கதைக்கிறன்.

– பிள்ளை... இந்தத் துண்டாலை கண்ணைத் துடையுங்கோ. நான் ஒண்டு சொன்னால் கோவிக்க மாட்டியளே?

– சொல்லுங்கோ.

– நோட்டீஸை எடுத்திட்டு அப்பிடியே விட்டால் சனம் நோண்டும். இவ்வளவு அவசரமா ஏன் எடுத்தவை எண்டு கேள்வி வரும். அவனுக்கும் பொபினி மெய்தான் எண்டு விளங்கிப்போடும். அப்பிடிச் செய்யாமல் ஒரு திருத்தம் போடுவம். கிழமைக்கு ரெண்டு திருத்தம் போடுறனாங்கள், சனத்துக்குப் பழக்கம். 'கஜந்தினி, கனடா.' அப்பா கேட்ட மாதிரிப் பேரும் இருக்கும். பொபினி எண்டது இந்தக் கிழட்டு றெமிஜியசின்ரை கைப்பிழை. நம்பருக்கு என்ரை கடை நம்பர். ஆர் அடிச்சாலும் நான் கதைக்கிறன்.

– கனடாவிலை இருக்கிறவள் வியாழக்கிழமை எப்பிடி மண்டபத்திலை நிப்பாள்?

– நிக்கேலாதுதான்.

– ஒராள் கண்டாலும் காணும். படம் எடுத்துப் போட்டிடுவினம்.

– உதயன் நேரலைக்குச் சொல்லியிருக்கிறார் பிள்ளை. வெளிநாட்டுச் சனம் பாக்கிறதுக்கு.

– என்ரை அப்பாவை நான் ரெலிபோனிலை பாத்து அழோணும். இஞ்சை பக்கத்திலை ஒரு அறைக்குள்ளை கதவைப் பூட்டிக்கொண்டு, கனடாவிலை இருக்கிறவள் மாதிரி. கடைசியா ஒருக்கால் முகத்தைத் தொட்டுப் பாக்கவும் ஏலாது.

– ஓம் பிள்ளை. அப்பிடித்தான்.

– போடுங்கோ.

– ஆறுதலா யோசிச்சு...

– போடுங்கோ எண்டுறன் அண்ணை! யோசிச்சால் எனக்கு மனம் மாறிப்போடும். பிள்ளையின்ரை பேர் வேண்டாம். பேத்தி எண்டு மட்டும் விடுங்கோ.

– சரி, சரி. அன்பு மகள் கஜந்தினி... கனடா. பேத்தியின் அன்புத் தாத்தாவும் ஆவார். தொடர்புகளுக்கு, றெமிஜியஸ் அச்சகம். திருத்தம் எண்டு சிவப்பிலை போட்டிருக்கிறன். மற்ற ரெண்டு இணையத்துக்கும் அனுப்பியாச்சு, குழுக்களுக்கும் போட்டுது. ஒருக்கால் வாசிச்சுப் பாருங்கோ.

– கண்ணீரிலை எனக்கு எழுத்துத் தெரியேல்லை அண்ணை. நீங்கள் பாத்தால் சரி.

– நாலு நாப்பத்தைஞ்சு. இனி கொஞ்சம் இருங்கோ. இருட்ட முதல் என்ரை வாகனத்திலை பள்ளிக்கூடத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போறன். பிள்ளையையும் ஏத்திக்கொண்டு, நல்லா அங்காலை, என்ரை தங்கச்சி வீட்டிலை கொண்டு போய் விடுறன். அவ ஒண்டும் கேக்கமாட்டா.

– உங்கடை போன் அடிக்குது.

– நம்பர் விழேல்லை. பேசாமல் இருங்கோ, சத்தத்தைத் திறந்து விடுறன். ஹலோ, றெமிஜியஸ் அச்சகம்!

– வணக்கம் அண்ணை. நான் சுவிசிலையிருந்து கதைக்கிறன். குகதாசன் ஐயாவின்ரை செய்தி பாத்தன். சரியான கவலையாப் போச்சு.

– ஓம் தம்பி, என்ன செய்யிறது. நீங்கள் ஆர்?

– சொந்தம்தான், தூரத்துச் சொந்தம். மகளோடை ஒருக்கால் கதைச்சு ஆறுதல் சொல்லுவம் எண்டு. மத்தியானம் பொபினி எண்டு கிடந்தது. இப்ப கனடா எண்டு கிடக்கு?

– அதை ஏன் கேக்கிறியள்! வேறை ஒரு குடும்பத்தின்ரை நோட்டீசிலையிருந்து இதுக்குள்ளை விழுந்திட்டுது. வயசு போகுது தம்பி, கண் தெரியுதில்லை. உதயன் தம்பி இப்பத்தான் வந்து பேசிப்போட்டுப் போறார்.

– அந்த நம்பரும் பிழையோ?

– எல்லாம் பிழை. அது ஆரோ ஒரு மனுசியின்ரை நம்பராம். அவவும் எனக்கு அடிச்சுப் பேசினவ.

– கனடாவிலை எவடம் அண்ணை?

– அவ்வளவு நான் கேக்கிறேல்லை. தந்ததைப் போடுறன்.

– சின்னப் பிள்ளை எப்பிடி இருக்கிறாளாம்?

– எனக்கு எப்பிடித் தம்பி தெரியும்? நான் அறிவித்தல் போடுறவன்.

– அதுவும் சரிதான். பெரிய உதவி அண்ணை. வைக்கிறன்.

– வைச்சிட்டான். பாத்தியளே பிள்ளை, அப்பிடியே நம்பிட்டான்! பூசைக்குப் போற மனுசன் நான், ஒரு மூச்சிலை இத்தினை பொய் சொன்னதே இல்லை. ஏன் வாசலையே பாக்கிறியள்? அவனோ?

– அவர்தான்.

– அவனெண்டால் என்ன இப்ப? சுவிசிலையல்லோ நிக்கிறான். கோதாரியிலை போவான், கனடாவுக்கு டிக்கெற் எடுக்கட்டும். நாங்கள் ஆறுதலாப் பிள்ளையைப் போய் ஏத்துவம்.

– சுவிசிலை இல்லை அண்ணை. அவர் கதைக்கேக்கை பின்னாலை மெற்றோவிலை இந்தக் கடையடி ஸ்டேசன் பேர் சொன்னது உங்களுக்குக் கேக்கேல்லையோ? லா சப்பெல், லா சப்பெல் எண்டு ரெண்டு தரம். வாசல் கதவைப் பூட்டுங்கோ.