அதே விரல், வேறு சுருதி

என் தங்கைக்கு வெந்நீர் எப்போதும் நான்தான் போட்டுக் கொடுப்பேன், டாக்டர். உள்ளங்கை பொறுக்கும் சூடுதான் பதம். அதற்கு மேல் போனால் தொண்டைக்கு ஆகாது.

இவ்வளவு பழகிய தொண்டை எப்படிக் கிழிந்தது என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

நான் பாட்டு எழுதி மெட்டமைப்பவன். அவள் பாடுகிறவள். அப்பா அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இருவரும் ஒரு கீபோர்டும்தான். என் குரல் தகர டப்பா. நான் எழுதியதெல்லாம் அவள் வாய்க்குப் போய்த்தான் பாட்டாயிற்று.

கடைசிச் சரணத்தில் சுருதியை அரைக் கட்டை ஏற்றுவது என் வழக்கம். சொல்லும் அதேதான், மெட்டும் அதேதான். ஆனால் கேட்பவருக்கு, புழுங்கும் அறையில் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டது போல இருக்கும். பிறருக்குச் செய்யும் சின்ன உபகாரம் அது. கெட்ட எண்ணத்தோடு நான் அதைக் கற்றுக்கொள்ளவில்லை.

பிறகு வேறு ஊர் இசையமைப்பாளர் ஒருவர் அவளைக் கூப்பிட்டார்.

"உனக்கும் இடமிருக்கான்னு கேக்கறேண்ணா," என்றாள். கேட்டாள். பையில் துணி அடுக்கிக்கொண்டே, "அவங்களுக்குப் பாடத்தான் ஆள் வேணுமாம்," என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவளைப் போகவிடாதே என்று கடவுளிடம் அழுதேன். எல்லாவற்றையும் அவர் தலையிலேயே கட்டிவிட்டு நாம் சும்மா இருக்கக் கூடாது அல்லவா?

"போக இன்னும் ஒரு மாசம் இருக்கே. அதுக்குள்ள அங்க பாடப்போற பாட்டை நல்லா சாதகம் பண்ணிக்கோ. நான் வாசிக்கிறேன்," என்றேன். என்னைக் கட்டிக்கொண்டாள்.

என் விரல் இருக்கும் இடத்தைப் பார்த்துத்தான் அவள் சுருதியை நம்புவாள். கீபோர்டில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் விரல் அதே இடத்தில் இருக்கும், சுருதி மட்டும் ஏறும். ஏறிய அளவைக் காட்டும் சிறு திரையின் மேல் ஒரு துண்டைப் போட்டேன். தூசி படியுமே.

வாரத்துக்கு அரைக் கட்டை. அவசரப்படவில்லை.

"என்னண்ணா, மூச்சு முட்டுது. சுருதி ஏறிடுச்சா?"

"உனக்குக் கொழுப்பு ஏறிடுச்சு. வெளியூர் போற திமிரு."

சிரித்தாள். என் விரலைப் பார்த்தாள். மறுபடி பாடினாள்.

ஒரு காலை அவள் வாஷ்பேசினில் துப்பியது சிவப்பாக இருந்தது.

"பயமா இருக்குண்ணா. இன்னைக்கு வேணாமே."

வெந்நீர் கொடுத்தேன். முதுகைத் தடவிவிட்டேன். "ஒரே ஒரு தடவைம்மா. கடைசிச் சரணம் மட்டும்," என்றேன். அவள் குடித்துக்கொண்டிருந்தபோது பொத்தானை இன்னும் இருமுறை அழுத்தினேன்.

மேலே போன குரல் இறங்கி வரவில்லை.

இனிப் பேச்சே கஷ்டம் என்று நீங்கள் சொன்னபோது அவள் யார் கையைப் பிடித்தாள்? என் கையை. அதுவும் விரல்களை. நீங்களே பார்த்தீர்கள்.

பையிலிருந்த துணிகளை நானே பீரோவில் திரும்ப அடுக்கிவிட்டேன். வெந்நீர் வேளை தவறாமல் கொடுக்கிறேன். "இங்கேயே இரும்மா, அண்ணன் பாத்துக்கறேன்," என்று தினமும் சொல்கிறேன். வேண்டாம் என்று அவள் இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.