தோட்டம் வைத்தவன் போகலாம்

— போனைக் கொடு, திர்சா. சபாத் விளக்கு ஏத்திட்டா அப்புறம் போனைத் தொடக் கூடாது, அதுக்குள்ள எலியாவோட கேப்டன்கிட்டப் பேசியாகணும்.

— பேசி?

— உண்மையைச் சொல்லணும். திராட்சை பழுத்திடுச்சு, அறுக்க ஆளில்லைன்னு லீவு வாங்கிட்டு எல்லையிலேர்ந்து வந்து படுத்திருக்கான் உன் மகன். நம்மகிட்ட ஏது தோட்டம்? பால்கனியில ஒரு புதினாத் தொட்டி.

— என் மகனா? மெடலோட வந்திருந்தா எலியாவ் உன் மகனாயிருப்பான்.

— கேளு, நாளைக்கு ஜெப ஆலயத்துல, போருக்கு யார் போக வேண்டாம்னு வேதம் சொல்ற பகுதியைத்தான் வாசிக்கறாங்க. பேசப்போறது நான். 'பயந்தவன் வீட்டுக்குப் போகட்டும்.' கையில பாவம் இருக்கிறவனுக்குத்தான் போர்க்களத்துல பயம் வரும். துணைக்குப் புண்ணியம் இல்லைன்னு அவனுக்கே தெரியும்.

— அந்த வசனத்துக்கு அப்படி அர்த்தம் சொன்னது ஒரு ரபி. பயம்னா வெறும் பயம்தான், உருவின கத்தியைப் பார்க்க முடியாதவன்னு இன்னொருத்தர் சொன்னார்.

— நான் முதல் ஆள் கட்சி.

— சரி, உன் முதல் ரபி சொன்ன மீதியையும் சொல்லு. வீடு கட்டினவன் போகலாம், தோட்டம் வெச்சவன் போகலாம், நிச்சயம் பண்ணினவன் போகலாம்னு போருக்கு முன்னாடி எதுக்கு அறிவிக்கறாங்க? பயந்தவனும் அந்தக் கூட்டத்தோட நழுவட்டும்னுதான். அவன் தலைகுனியக் கூடாது. யாரும் தோண்டக் கூடாது.

— அவன் இடத்துல வேற ஒருத்தியோட பையன் நிக்கறான்.

— அது அவனுக்குத் தெரியாதா? வந்ததிலேர்ந்து ரொட்டியைத் தொடலை. நீ கேட்டியா?

— கேளு திர்சா, நானும் போருக்குப் போனவன். பொய் சொல்லி வரலை.

— பாதியில வந்த.

— நமக்குக் கல்யாணம். முறைப்படி அனுப்பினாங்க.

— கல்யாணம் பனிக்காலம் முடிஞ்சுன்னுதான் பேச்சு, செபுலோன். சண்டை நடக்கறப்ப உங்கம்மா எங்க வீட்டுக்கு வந்தாங்க. பையன் போன்ல அழறான், இந்த வாரமே முடிச்சிடலாம்னாங்க. எங்கப்பா உன் கையில என்ன பாவம்னு கேட்கலை. மண்டபம் பார்க்கக் கிளம்பிட்டார்.

— இத்தனை வருஷம் தெரிஞ்சும் ஒரு வார்த்தை சொல்லலையே.

— மூடினது மூடினபடி இருக்கட்டும்னு விட்டேன்.

— நீயும் சம்மதிச்சுதானே வந்த?

— இல்லைன்னா உன்னைத் திரும்ப அங்கேயே அனுப்பிடுவாங்களே. அந்த வாரம் நான் எங்கப்பாகிட்ட, இவன் எனக்கு வேண்டாம்னு சொல்றதா இருந்தேன்.